ஏரி திறக்கும் வரை

பிப்ரவரி 20, புதன்

காலையில் முட்டை பொரித்துக்கொண்டே ராய்ஸ் சொல்லிவிட்டார். முதுகு என் பக்கம் இருந்தது.

"ஏரி திறந்ததும் நான் கிளம்பிடறேன், குட்டி. பெவர்லி ஒஹையோவுக்கு வரச் சொல்றா. அவ வீட்டு மாடில ஒரு அறை சும்மாதான் கிடக்காம்."

பெவர்லி அவருடைய அக்கா. நான் சரி என்றேன். பிறகு, முட்டையில் உப்பு குறைவு என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான்.

அம்மா போனது அக்டோபரில். மதியம், கேக்குக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, கத்தியைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல். அன்றிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நானும், அம்மா நான்கு வருடங்களுக்கு முன் கல்யாணம் செய்துகொண்ட மனிதரும். எங்களுக்குள் என்ன உறவு என்று யாராவது கேட்டால் அவளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. வீடு அவளுடையது. இப்போது என் பெயரில் இருக்கிறது.

ஏரி ஏப்ரலில் திறக்கும். சில வருடங்களில் ஏப்ரல் தொடக்கம், சில வருடங்களில் கடைசி. பனி உடைந்து தண்ணீர் தெரியும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு இப்படி ஒரு நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்? போகவேண்டும் என்று இருந்தால் நேராக ஒரு தேதியைச் சொல்லியிருக்கலாமே.

பிப்ரவரி 24, ஞாயிறு

நூலகத்திலிருந்து துருவப் பயணக் கதைகளாக எடுத்து வந்து படிக்கிறேன். கப்பல் பனியில் இறுகிப்போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகள். அவர்களில் பிழைத்து வந்தவர்கள் பனி எப்போது உடையும் என்ற பேச்சையே எடுப்பதில்லை. தாடி மழித்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள், நாய்களோடு சண்டை போட்டார்கள். நான் அந்த ரகம் இல்லை. நான் ஜன்னலைப் பார்க்கிற ரகம்.

இன்று ராய்ஸ் என்னிடம் அனுமதி கேட்டார். கூடத்து அலமாரியில் அவருடைய கனமான கோட்டை மாட்டிக்கொள்ளலாமா என்று. நான்கு வருடமாக அந்தக் கோட்டு அங்கேதான் தொங்குகிறது!

மார்ச் 2, சனி

ஏரியின் நடுவில் நாற்காலி வைத்துவிட்டார்கள். வழக்கம்போல் சிவப்பு வண்ணம் அடித்த சமையலறை நாற்காலி, அதில் கட்டிய நீளக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கரையில் ஒரு கடிகாரம். பனி உடைந்து நாற்காலி நகர்ந்தால் கயிறு இழுபட்டுக் கடிகாரம் நின்றுவிடும். எந்த நாள், எந்த நேரம் என்று சரியாகச் சொன்னவருக்குச் சேர்ந்த பணத்தில் பாதி, மீதி தீயணைப்பு நிலையத்துக்கு. ஒரு சீட்டு ஒரு டாலர். லொரெய்ன் கடையில் ரொட்டியோடு விற்கிறார்கள்.

அம்மா ஒவ்வொரு வருடமும் மே ஒன்று என்றே எழுதுவாள். எங்கள் ஏரி மே வரை தாங்கியதே இல்லை. ஊரே சிரிக்கும். "என்னைக்காவது ஒரு வருஷம் அது எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், பாருங்க" என்பாள்.

நான் எனக்கு ஒரு சீட்டு எழுதினேன். பிறகு லொரெய்ன் அந்தப் பக்கம் திரும்பியபோது இன்னொன்று. அம்மா பெயரில், டெனிஸ் என்று. மே ஒன்று.

மார்ச் 9, சனி

காபித்தூள் வாங்கப் போனேன். லொரெய்ன் கல்லாவின் மேல் குனிந்து, தாழ்ந்த குரலில், "ரெனே, தப்பா நினைக்காத. டெனிஸ் பேர்ல ரெண்டு சீட்டு வந்திருக்கு. ரெண்டும் மே ஒண்ணு. ஒண்ணு நீ போட்டதுன்னு தெரியும். இன்னொண்ணுக்குக் காசு திருப்பித் தரட்டுமான்னு ராய்ஸ்கிட்ட கேட்கவா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். வண்டியில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கிளப்பாமல் இருந்தேன்.

வீட்டில் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இரவு பட்டாணி சூப். இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 17, ஞாயிறு

மீன்குடிலைக் கரைக்கு இழுக்கப் போனோம். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற சின்ன மரக்குடில். மாதக் கடைசிக்குள் எல்லாக் குடில்களும் ஏரியை விட்டு வெளியே வந்தாக வேண்டும், அதுதான் சட்டம். பனி உடைந்து குடில் தண்ணீருக்குள் போனால் அபராதம் மட்டுமில்லை, ஊர் அடுத்த பத்து வருடத்துக்குப் பேசும்.

எங்கள் குடில் மஞ்சள் நிறம். அம்மா அடித்த வண்ணம். வெள்ளைப் பனியின் நடுவில் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெண்ணெய்த் துண்டு ஒன்றைக் கீழே போட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கும். அதற்குள் உட்கார்ந்து அம்மாவும் ராய்ஸும் மீன் பிடித்ததைவிடச் சீட்டு ஆடியதுதான் அதிகம்.

ராய்ஸ் வண்டியில் சங்கிலி மாட்டி இழுத்தார். குடில் அசையவில்லை. மறுபடி இழுத்தார். சங்கிலி விறைத்து முனகியது. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார்.

குடிலின் அடியில் கட்டைகள் இல்லை. டிசம்பரில் குடிலைப் பனிமேல் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்கு மூலைகளிலும் கட்டை கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெயிலடித்து இளகி, மறுபடி உறையும்போது ஏரி குடிலைக் காலோடு விழுங்கிவிடும். இப்போது ஒரு சாண் ஆழத்துக்குப் பனிக்குள் இறங்கியிருக்கிறது.

சங்கிலியைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, குடிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மார்ச் 19, செவ்வாய்

கட்டையை ஏன் வைக்கவில்லை? நான் ஏன் கவனிக்கவில்லை? டிசம்பரில் நானும் அங்கேதானே நின்றுகொண்டிருந்தேன், கையை உறைக்குள் விட்டுக்கொண்டு.

மார்ச் 23, சனி

உடம்பெல்லாம் வலிக்கிறது. தூக்கம் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் பக்கத்து வீட்டு ஆர்மன் கடப்பாரையும் சங்கிலி ரம்பமுமாக வந்தார். மூன்று பேரும் குடிலைச் சுற்றிப் பனியை வெட்டினோம். நான் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றினேன். ஆர்மனுக்கு வேலையைவிட வாய்தான் அதிகம்.

"நாப்பது வருஷமா இந்த ஏரில குந்திக்கிட்டு இருக்க, ராய்ஸ். கட்டை வைக்க மறந்துட்டேன்னு வெளிய சொல்லிடாத. என்கூட பேசறவனும் பேசமாட்டான்."

ராய்ஸ் கடப்பாரையை நிறுத்தாமல், "அது டெனிஸோட வேலை. அவதான் வைப்பா" என்றார்.

ஆர்மன், வண்டியில் ஏதோ எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு நடந்து போனார். நல்ல மனிதர்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். "நீங்க வச்சிருப்பீங்கன்னு நான் நினைச்சேன்" என்றேன்.

"நீ வச்சிருப்பேன்னு நான் நினைச்சேன், குட்டி."

சிரிக்க வேண்டிய இடம். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் மறுபடி குத்த ஆரம்பித்தார். ரெண்டு குத்து குத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி, அடுத்த வருஷம் நீ ஞாபகமா வச்சிரு என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்தது.

"அடுத்த வருஷம் யாரு இதை இழுத்துட்டு வர்றதாம்? நான் ஒத்தையா வந்து, ஒத்தையா உட்கார்ந்து, யாரோட சீட்டு ஆடறது?"

"உனக்குன்னு யாராவது வருவாங்க. நீ சின்னப் பொண்ணு. உன் வீட்டுல ஒரு கிழவன் எதுக்குக் குறுக்கும் நெடுக்கும்—"

"நான் அப்படிச் சொன்னேனா? என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"போகாதீங்கன்னும் சொல்லலையே."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் கையுறை நனைந்து விரல் விறைத்துவிட்டது. மூக்கு ஒழுகியது, அதை அழுகை என்று அவர் நினைத்திருப்பார், சரியாகத்தான் நினைத்திருப்பார்.

"போகாதீங்க," என்றேன். "இப்ப சொல்லிட்டேன்."

அவர் தன் உறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். அவருடையது, பெரியது, உள்ளே சூடாக இருந்தது. ஆர்மன் திரும்பி வந்தார். மதியத்துக்கு மேல் குடில் ஒரு பெரிய முனகலோடு விடுபட்டது. அடிப்பலகை ஒன்று பனியிலேயே தங்கிவிட்டது. மஞ்சளாக.

மார்ச் 24, ஞாயிறு

நேற்றுச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தோசைக்கல்லில் அப்பம் வார்த்தார், ஆர்மன் கொடுத்த புது மேப்பிள் பாகு ஊற்றித் தின்றோம்.

கேட்டுவிட்டால் ஒரு பதில் வரும். கேட்காதவரை இரண்டு பதிலும் வீட்டில் இருக்கின்றன.

ஏப்ரல் 6, சனி

சேற்றுப் பருவம். பனி உருகிச் சாலை முழுக்கக் குழைந்து கிடக்கிறது. நூலகத்திலிருந்து வரும்போது வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது, ராய்ஸ் வந்து இழுத்தார்.

மாலையில் பெவர்லி தொலைபேசியில் அழைத்தாள். எனக்கு அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. "தெரியல, பெவ். ஏரி இன்னும் திறக்கல... ஆமா, இந்த வருஷம் லேட்டு... அதை அவசரப்படுத்த முடியாது." உண்மையில் லேட்டு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

திறந்துவிட்டது.

காலையிலிருந்தே பனி கறுத்துக் கிடந்தது. மதியம் தெற்குக் காற்று. நான் நூலகத்தில் இருந்தேன், லொரெய்ன் கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் கரையில் நின்றிருந்தார். சிவப்பு நாற்காலி கவிழ்ந்து, கால்களை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. பனித்துண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், கண்ணாடிப் பாத்திரங்களை யாரோ மெதுவாக அடுக்குவது போல. பணம் அஞ்சல்காரர் மனைவிக்கு.

"டெனிஸ் இந்த வருஷமும் தோத்துட்டா," என்றார். "ரெண்டு சீட்டு போட்டும்."

அப்படியானால் அவருக்கும் தெரியும். லொரெய்னால் ஒன்றை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாது.

ஏப்ரல் 27, சனி

வண்டிக்கு எண்ணெய் மாற்றினார். நான்கு சக்கரங்களையும் சரிபார்த்தார். தூரப் பயணத்துக்குச் செய்கிற வேலை. பார்க்காததுபோல் புத்தகத்தைப் புரட்டினேன், ஒரே பக்கத்தை.

மே 1, புதன்

அம்மாவின் நாள். ஏரியில் ஒரு துண்டுப் பனி இல்லை.

எழுந்தபோது வண்டி வாசலில் இல்லை. கூடத்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். கோட்டும் இல்லை. காபி போட்டேன். குடிக்கவில்லை. சொல்லாமல் போகிற மனிதர் இல்லையே என்று ஒரு பக்கம். சொல்ல முடியாதவர்கள்தான் சொல்லாமல் போவார்கள் என்று இன்னொரு பக்கம். படித்த புத்தகங்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. பாத்திரம் தேய்த்தேன். சுத்தமாக இருந்ததையும் தேய்த்தேன்.

பதினோரு மணிவாக்கில் வண்டிச் சத்தம். பின்பக்கம் தேவதாரு மரம் ஏற்றி வந்திருந்தார். ஆர்மனின் மரவாடியில் வாங்கியதாம், குடிலின் அடிப்பலகைக்கு. காலையில் குளிராக இருந்ததாம், கோட்டைப் போட்டுக்கொண்டு போனாராம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார். ஒன்றுமில்லை, காபி ஆறிவிட்டது என்றேன். ஆறியதையே வாங்கிக் குடித்தார். பெவர்லியிடம் ஜூலையில் ஒரு வாரம் வருவதாகச் சொல்லிவிட்டாராம். பார்த்துவிட்டு வர. முடிந்தால் நானும் கூட வரலாமாம்.

கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டினார். கேட்கவில்லை.

மதியம் முழுக்க முற்றத்தில் ரம்பச் சத்தம். பலகை வேலை முடிந்து, மிச்ச மரத்தில் நான்கு கட்டைகள் அறுத்தார். ஒரே அளவு, மூலைகளை இழைத்து. பிறகு கதவருகே வந்து, "அந்த மஞ்சள் பெயின்ட் மிச்சம் இருக்கா, குட்டி? பனில வச்சா கண்ணுக்குத் தெரியணும்" என்றார். நிலவறையில் இருந்தது. மூடி இறுகியிருந்தது, இருவருமாகத் திறந்தோம். இரண்டு அவர் அடித்தார், இரண்டு நான்.

இப்போது வாசற்படியில் வரிசையாக இருக்கின்றன. காய ஒரு நாள் போதும் என்கிறார். அவை தேவைப்படுவது டிசம்பரில்.