டைட்டஸ் குடித்த தண்ணீர்

கருங்கல்,
24.8.2009

அன்பு மகள் ஜிஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவுக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். குவைத்தில் உன் சுகத்தையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். இதைப் போனில் சொன்னால் உன் கார்டு பாதியில் தீர்ந்துபோகும். அதனால் எழுதுகிறேன். பத்தாங்கிளாஸ் வரை போனவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முந்திரி உடைக்கிற அண்டியாபீஸைப் பூட்டிவிட்டார்கள், என் வேலை போய்விட்டது என்று நான் சொன்ன அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று நீ சொன்னாய். ஐம்பத்தாறு வயதில் நான் மறுபடி வேலைக்கு இறங்கியது அதைக் கேட்டுத்தான். உன்னிடம் ஆபீஸ் வேலை என்றேன். ஆபீஸ் இருப்பது உண்மை, மார்த்தாண்டத்தில், மாடியில். என் வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்பது. இந்த மாசம் முடிவதற்குள் நானும் கூட்டாளியும் சேர்ந்து ஆறு மெஷின் விற்றால் வேலை நிரந்தரம். அப்புறம் நீ கையெழுத்துப் போட வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம் என்பது என் திட்டம்.

அந்தத் திட்டத்தின் நடுவில்தான் டைட்டஸ் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன்தான் கூட்டாளி. இருபத்தெட்டு வயது, முப்பத்திரண்டு பல்லும் எப்போதும் வெளியே. அவன் பைக் ஓட்ட, நான் பின்னால் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி இருப்பேன். ஊர் பார்த்துச் சிரிக்கும். இவன் அவர்களுக்குக் கையை வேறு ஆட்டுவான்.

அதுகூடப் போகட்டும். நம்ம பக்கத்தில் ஒருவன் வீட்டையோ மருமகனையோ குறை சொன்னாலும் பொறுப்பார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்கள். நான் கஷ்டப்பட்டு, இந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருக்கிறது அம்மா என்று தொடங்குவேன். அதற்குள் இவன் அடுக்களை வாசலில் ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு, இவ்வளவு இனிப்பான வெள்ளத்தை நான் குடித்ததே இல்லை என்பான். வீட்டுக்காரி முகம் மலரும். சாயா வரும், சக்கைப்பழம் வரும். மெஷின் என் மடியிலேயே திரும்பி வரும். ஏலே, நீ எந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், நல்ல தண்ணியை நல்ல தண்ணின்னு சொன்னா குற்றமா சாரே என்கிறான். இரண்டரை மாசத்தில் விற்றது ஒன்று. அதையும் வாங்கியது அவன் அத்தை.

போன திங்கள் நான் பிடிவாதமாக அவனைக் குளச்சலுக்குக் கூட்டிப்போனேன். சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் சில கிணறுகள் கரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் வீடு வியாகுலம்மாள் என்ற அம்மாளுடையது. தண்ணீர் கேட்டதற்கு, கொண்டுவந்த செம்பை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நானே வாங்கி ஒரு வாய் குடித்தேன். சுத்த உப்பு. எனக்கு உள்ளுக்குள் ஸ்தோத்திரம் பொங்கியது. இத்தனை நாளில் கிடைத்த முதல் மோசமான தண்ணீர். நான் வாயைத் திறக்குமுன் இந்தப் பாவி செம்பைப் பிடுங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்து, "நல்ல தண்ணி அம்மா, இன்னும் கொஞ்சம் தருவியளா?" என்றான்.

தெருவில் நிறுத்தித் திட்டினேன். உன் தாய் உயிரோடு இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பாள். அன்றைக்குத்தான் அவன் சிரிக்காமல் நிற்பதை முதல்முறை பார்த்தேன்.

"அந்த அம்மா செம்பைத் தரவே கூச்சப்பட்டு நின்னது பாத்தியளா சாரே? அதுக்குமேல குறை சொல்ல எனக்கு நாக்கு வரல்ல."

மறுநாள் அந்த அம்மாள் ஆபீசுக்குப் போன் செய்தாள். ஒரு மெஷின் வேண்டுமாம். உப்புத் தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்த பையன்தான் கொண்டுவர வேண்டுமாம், கூட வந்த மூஞ்சி வேண்டாமாம். அந்த மூஞ்சி நான்தான். பிறகு அவர்கள் தெரு அன்பியக் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும் அவள் இதைச் சொல்லப்போய், இன்னும் மூன்று வீட்டில் வாங்கினார்கள். ஆக ஐந்து. வேண்டியது இன்னும் ஒன்று, இருப்பது ஏழு நாள். மானேஜர் டைட்டஸைத் தட்டிக்கொடுத்து, அவனிடம் கற்றுக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னார்.

நேற்று ஆராதனை முடிந்து அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நான் வைத்த மீன்குழம்பை இரண்டு தரம் வாங்கி ஊற்றி, இப்படிக் குழம்பு தின்றதில்லை என்றான். அவனுக்கு ஊற்றுகிற சந்தோஷத்தில் நான் மோரோடு நிறுத்திக்கொண்டேன், சாயங்காலம்வரை பெருமையாக இருந்தது. பிறகு ஒரு சந்தேகம். சட்டியில் மிச்சம் இருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.

அந்தச் சட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் உன்னை நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் நீ போனில், நல்லாயிருக்கேன்பா என்கிறாய். நான் கேட்டு முடிக்குமுன்னே சொல்கிறாய், டைட்டஸைப் போலவே. ஆபீஸ் வேலை என்று நான் சொன்னதும் அந்த ரகம்தான். இப்போது நான் உண்மையை எழுதிவிட்டேன். இனி உன் முறை.

ஆறாவது மெஷின் விற்குமோ விற்காதோ, அதற்காகக் காத்திருக்காதே. அங்கே தண்ணீர் நல்லதாக இருந்தால் கையெழுத்துப் போடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கரித்தால், என் முகத்துக்காகக் குடிக்காதே மக்களே. செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடு. குழம்புக்கு உப்பை ஒரு தரம் மட்டும் போட நான் பழகிக்கொள்கிறேன்.

நீ போகும்போது நானும் உன் தாயும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். இப்போது நீ வருவதற்கு நான் மட்டும் நிற்கிறேன், அந்த முழங்காலோடுதான்.

ஆசீர்வாதத்துடன்,
கூட வந்த மூஞ்சி,
உன் அப்பா ஞானதாசன்.