ஆவணியில் இறைத்த கிணறு

சிவமயம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
31.8.1955, புதன்கிழமை

அன்புள்ள மகள் விமலேஸ்வரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் பிள்ளையார் புண்ணியத்தில் கைகால் சுகத்தோடு நடமாடித் திரிகிறோம். நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விடியவும் பொழுதுபடவும் கும்பிடுகிறேன். உன் கடிதம் வந்தது. ஹற்றனில் ஒரு கிழமையாக வெயிலே காணவில்லை, உடுப்புத் துவைத்தால் காய்வதில்லை என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துக் காட்டினேன், அப்பா கேட்டுவிட்டு, "உடுப்பை இஞ்ச அனுப்பச் சொல்லும், நாங்கள் காயப் போடுறம். மழையையும் ஒரு பெட்டியில போட்டு அனுப்பச் சொல்லும்" என்றார். பகிடி விட அவருக்கு வாய் இருக்கிறது. வருகிற எட்டாம் திகதி வியாழக்கிழமை ரயில் ஏறுவதாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்த வீட்டில் ஐந்தாறு நாளாகச் சண்டை. இந்த வரட்சியில் பிள்ளையை வர வேண்டாம் என்று எழுதும் என்று அப்பா நிற்கிறார், தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போவாள் என்று நான் நிற்கிறேன். உன் மாமியார் வீட்டார் என்ன சொல்வார்கள், பெற்றவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க வக்கில்லையா என்று கேட்க மாட்டார்களா. ஆகையால் நீ வா. நான் சொல்கிறேன், வா. ஆனால் இங்கே நடந்ததை அறிந்துகொண்டு வா.

சித்திரைக்குப் பிறகு இங்கே ஒரு துளி விழவில்லை. குளக்கட்டில் ஏறிப் பார்த்தால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மாடுகள் மேய்கின்றன. ஆடி மாதத்தோடு வாய்க்காலையும் பூட்டிவிட்டார்கள். எங்களுக்கும் அடுத்த காணிக் கனகலிங்கத்துக்கும் பொதுவாக எல்லையில் இருக்கிற கிணற்றில் போன மாதக் கடைசியிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கலங்கல்தான், பாசி மணம்தான், ஆனால் நின்றது. தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் தேய்த்து வைத்தால் மண் அடியில் இறங்கிவிடும், வடித்துக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம். உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "பிள்ளை வரேக்க உந்தப் பாசித் தண்ணியே குடுக்கிறது? இறைச்சுச் சேறு வாரிவிட்டா ஊத்துக்கண் திறக்கும். விடிய எழும்பிப் பாரும், இளநீர் மாதிரி நிக்கும்" என்றார். யாழ்ப்பாணத்தில் எங்கள் உரும்பிராயில் ஆவணி பிறந்தால் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலைதானே. தண்ணீர் குறைந்த நாள் பார்த்துக் கிணற்றை அடியோடு இறைப்பார்கள், சேற்றை வாருவார்கள், மறுநாள் தண்ணீர் பழைய மட்டத்தில் வந்து நிற்கும். பிறந்த நாளிலிருந்து கண்ட வேலை என்பதால் எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை. தடுக்கவாவது, நான் புட்டு அவித்துக் கொடுத்தேன். கனகலிங்கமும் அந்த ஊர்ப் பக்கத்து மனுசன்தானே, அவனும் மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் பெண்சாதி இராசமலர் அன்றைக்குப் பார்த்துப் பரந்தனில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு பேருமாக மத்தியானத்துக்குள் கிணற்றை வறட்டிவிட்டார்கள், அப்பா இறங்கி நின்று கடகம் கடகமாகச் சேறு வாரினார், தேங்காய் உடைத்துக் கற்பூரமும் கொளுத்தினார்கள்.

விடிய எழும்பிப் பார்த்தோம். அடியில் ஈரம் மட்டும் இருந்தது. பிறகு வந்து பார்த்தோம், அதே ஈரம்தான். உரும்பிராய்க் கிணறு கல்லுக்குள் ஊறுகிற கிணறு, இது களிமண். இத்தனை காலமும் இதில் நின்றது ஊற்றுத் தண்ணீர் இல்லை பிள்ளை, வாய்க்காலில் ஓடினது கசிந்து வந்து தேங்கினது. வாய்க்கால் ஓடினால் கிணறு ஏறுவதும் பூட்டினால் இறங்குவதும் இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் கண் முன்னால்தான் நடந்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. உள்ளதும் போச்சுது நொள்ளைக் கண்ணா என்று சும்மாவா சொன்னார்கள். இராசமலர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள், "ஒரு நாள் நான் வீட்டில இல்லாட்டி இரண்டு ஆம்பிளையளுமாச் சேர்ந்து கிணத்தையே குடிச்சுப்போட்டினம்" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னாள். அதோடு எங்களுடன் கதை இல்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். அப்பாவோ தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று இன்னும் நிற்கிறார், ஊற்றுக்கண் மெதுவாகத்தான் திறக்குமாம்.

இப்போது வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் இருக்கிற பொதுக் கிணறுதான் எல்லாருக்கும் கதி. அங்கே வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைத்திருக்கிறார்கள், அதற்கும் விடிய முன்னம் போய் நிற்க வேண்டும். பயந்துவிடாதே, எனக்குச் சிக்கனம் பிடிக்கத் தெரியும். அரிசி கழுவின தண்ணீரில் மரக்கறி கழுவி அதைத்தான் மாட்டுக்கு வைக்கிறேன். சட்டி பானைக்குச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். கோப்பை கழுவ வேண்டாம் என்று தேக்கிலையில் சாப்பிடுகிறோம். குளிப்பு என்பது துணியை நனைத்து உடம்பைத் துடைப்பதுதான், அப்பாவுக்கு ஒரு செம்பு கொடுத்தால் அதையும் தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று ஊற்றிக்கொள்கிறார். வாய் கொப்பளிக்கச் சிரட்டையால்தான் அள்ளுவது. இப்படி மிச்சம் பிடித்ததைக் குசினி மூலையில் உள்ள பெரிய மண்சாலில் ஊற்றி வெள்ளைத் துணி கட்டி மூடி வைத்திருக்கிறேன், முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பெறாதவர்களுக்குத் தெரியாது. உனக்கு நொச்சி இலை அவித்து வார்க்க வேண்டும், பிள்ளையைக் குளிக்க வார்க்க வேண்டும், துணி அவிக்க வேண்டும். அப்பா கண்டுவிட்டு, தண்ணீரை நெல்லு மாதிரிக் கட்டி வைக்கிறீர் என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்தச் சாலை நான் அவரையும் தொட விடவில்லை. நீ வரும்போது உடுப்புக் கனக்கக் கொண்டுவராதே, துவைக்க வழியில்லை. ரயிலில் குடிக்க இரண்டு போத்தல் தண்ணீர்

3.9.1955, சனிக்கிழமை

இந்த இடத்தில்தான் வேலிக்கு அப்பால் இராசமலர் கத்தின சத்தம் கேட்டு எழும்பி ஓடினேன். எழுதினதைக் கிழித்துப்போட மனம் வரவில்லை, நீயும் எல்லாம் அறியத்தான் வேண்டும், அதனால் மிச்சத்தை இதிலேயே எழுதுகிறேன். அவளுடைய கடைசிப் பிள்ளை அருந்ததி, மூன்று வயதும் ஆகவில்லை, உன் கலியாணத்துக்கு மடியில் இருந்ததே அந்தப் பிள்ளை, வயிற்றோட்டமும் சத்தியெடுப்புமாகத் துவண்டு கிடந்தது. வாய்க்காலுக்குள் ஒரு மடுவில் எருமை படுக்கிற தண்ணீர் கொஞ்சம் கிடக்கிறது, தாகத்தில் போய் அதை அள்ளிக் குடித்திருக்கிறது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தது. நான் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டதில்லை. கனகலிங்கம் வண்டியைப் பூட்டித் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போனான். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். கொதித்தாறின தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் பருக்க வேண்டும், பிள்ளை கிடந்த துணியெல்லாம் அவிக்க வேண்டும், தொடுகிற கையை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்று அங்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி சொல்லி விட்டாராம். சொல்வது லேசு. முறைக்குப் போக ஆளில்லாமல் அவள் வீட்டில் இரண்டு குடமும் காய்ந்து கிடந்தன.

அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்து வெறுங்குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு வந்து சாலுக்கு முன்னால் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன் மகளே, என் கை உடனே போகவில்லை. இது என் பிள்ளைக்கு, என் பேரப்பிள்ளைக்கு என்று மனம் பிடித்து இழுத்தது. பிறகு துணியை அவிழ்த்தேன். முதல் குடத்தைக் கொண்டுபோய் இறக்கினபோது இராசமலர், "வேண்டாம் அக்கா, அது விமலாவுக்கு வச்ச தண்ணி" என்றாள். வேலிக்குள்ளால் எல்லாம் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள், பிள்ளைகள் தாகத்தோடு கிடக்க ஒரு செம்பு கேட்காமல் இருந்திருக்கிறாள். "வாயை மூடடி, அடுப்பை மூட்டு" என்றேன். நேற்றுப் பொழுதுபடுமுன் சால் வெறுமையாகிவிட்டது. பிள்ளை தப்பிவிட்டது. இன்று காலை கஞ்சி வேண்டாம், பாணும் சீனியும் வேண்டும் என்று அழுதது, அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஆனால் நான் கண்டதைக் கண்டுவிட்டேன். நடந்து திரிகிற பிள்ளையையே இந்தத் தண்ணீர் இரண்டு நாளில் அப்படி ஆக்கிவிட்டதென்றால், பிறந்த குழந்தையை இதற்குள் வைத்து நான் என்ன செய்வேன். மழை புரட்டாதியில் வரும் என்று யாரை நம்புவது. ஆகையால் புதன்கிழமை எழுதினதைத் தள்ளிவிடு. நீ வரக்கூடாது. பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துப் போடு. மருமகன் லீவு எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லு. அப்பா சொன்னதுதான் சரி என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே. இதை நினைத்து நேற்று நான் இராசமலரின் அடுப்படியில் இருந்து அழுதேன், தலைப்பிள்ளைக்கு மகளைக் கூப்பிட வழியில்லாத தாயாகிவிட்டேனே என்று. அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "தாய்வீடெண்டு சுவரையே அக்கா சொல்லுறது? நீங்கள் போங்கோவன்" என்றாள். அந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை. இந்த வயதுக்கு நான் வடக்கே ஆனையிறவுக்கு அப்பாலும் தெற்கே வவுனியாவுக்கு இப்பாலும்தான் போய் வந்திருக்கிறேன், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, குளிர் என்றால் மார்கழிப் பனிதான் தெரியும். ஆனாலும் வருகிறேன். நீ ரயில் ஏறுவதாக இருந்த அந்த வியாழக்கிழமை நான் ஏறுகிறேன்.

துணைக்கு ஆள் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற மஹ்றூப் நானா அன்றைக்குத்தான் அதே ரயிலில் கண்டிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறார். பொல்காவலையில் என்னை இறக்கி மலைநாட்டு ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார். விரத நாளில் மீன் மச்சம் தொடாத உன் அம்மா கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே இருந்து அந்த மணத்தோடு வந்து இறங்குவாள், மருமகன் மூக்கைப் பொத்தாமல் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. நொச்சி இலை காயவைத்து எடுத்துவிட்டேன், பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் இராசமலர் இடித்துத் தருகிறாள், அங்கே நீ ஒன்றும் தேடி அலைய வேண்டாம். மாடியில் ஏறாதே, ஈரப் படியில் கவனம், பாரம் தூக்காதே. வயிற்று நோ கண்டால் என்னைப் பார்த்துக்கொண்டு இராமல் ஆசுபத்திரிக்குப் போ.

அப்பாவை எப்படி விட்டுவிட்டு வருவது என்றுதான் எனக்குக் கவலை. அவர், "எனக்கு ஒரு குடம் காணும். மற்றக் குடத்தை இராசமலர் எடுக்கட்டும், முறைக்கு நானே போய் எடுத்துக் குடுக்கிறன்" என்றார். கிணறு இறைத்த நாளிலிருந்து அந்த மனுசன் ஒரு சொல்லுக்கூடத் தன்மேல் பிழை என்று சொல்லவில்லை, நானும் குத்திக் குத்திப் பார்த்தேன். இன்று நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, வந்து கதிரையில் இருந்தார். நான் நொச்சி மூட்டையைக் கட்டும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இஞ்சாரும், பிள்ளையை முதல் முதல் குளிக்க வார்க்கேக்க இஞ்சத்தைப் பழக்கத்தில சிரட்டையால கிள்ளிக் கிள்ளி வார்த்துப்போடாதேயும். அங்க தண்ணி இருக்கு. கணக்குப் பாராமல் வாரும், என்ர பேரப்பிள்ளைக்கு" என்றார். சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார், முகத்தைக் காட்டவில்லை.

உனக்கும் மருமகனுக்கும் பிறக்கப் போகிற செல்வத்துக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. பயப்படாதே, நல்லபடி நடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியான ரயிலுக்கு மருமகனை ஹற்றன் ஸ்டேஷனில் முன்கூட்டியே வந்து நிற்கச் சொல்லு, ரயில் அங்கே கனநேரம் நில்லாதாம், அவரைக் காணாவிட்டால் எனக்கு இறங்கத் தெரியாது.

இப்படிக்கு,
உன்னிடம் வந்துகொண்டிருக்கிற
அம்மா,
சி. அன்னபாக்கியம்