பெரம்பலூருக்கு மட்டும் ஏழு

14-11-2006, செவ்வாய், இரவு 10.45. வர வேண்டிய விடை ஆறு. என் புரோகிராம் சொல்வது ஏழு.

இன்று காலேஜில் வேலைக்கான இன்டர்வியூ. ஒரு சொல்லில் எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத மிக நீளமான துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். சில எழுத்துகளை மட்டும் காட்டும் ஒரு ஜன்னலைச் சொல்லின் மேல் நகர்த்திப் போகும் முறையில் தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்டர்வியூ எடுத்த மேடம் என் ஊரைக் கேட்டு, ARIYALUR போட்டுப் பார்த்தார். ஆறு. சரியான விடை. சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூடப் படிக்கும் அன்வர் சீண்டினான். "உங்க ஊருக்கு மட்டுந்தான் ஓடுமாடா? எங்க PERAMBALUR போடு, பாப்போம்."

அங்கேயே நோட்டில் போட்டேன். கடைசி R வந்ததும், ஜன்னலை விட்டு எப்போதோ வெளியே போன பழைய R-ஐத் தேடி ஜன்னலின் இடது ஓரம் பின்னால் குதிக்கிறது. இரண்டு A உள்ளே வந்து, ஆறு ஏழாகிவிடுகிறது. மடத்தனம்.

"வாயத் தொறக்காத. நாளைக்கு செலக்ட் ஆனவங்க லிஸ்ட் ஒட்டிரட்டும்" என்கிறான் அன்வர். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் தப்பான புரோகிராமுக்குக் கிடைத்த வேலை. தூக்கம் வரவில்லை.

நாளை:
1. வேலை கிடைத்துவிட்டதென்று அம்மா தெரு முழுக்கச் சொல்வதற்குள் தடுப்பது.
2. முதல் பஸ்.
3. லிஸ்ட் ஒட்டுவதற்குள் மேடத்தைப் பிடித்து, இடது ஓரம் பின்னால் போகக் கூடாது என்று நானே சொல்லிவிடுவது.