சூடம் காட்டிய பிறகு பேசிய விலை

அக்கா,

இன்று காலை ராஜகோபுரத்துக்கு எதிரே யாரோ புது வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய எலுமிச்சம்பழ வாசனையும் சூடப்புகையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதே இடத்தில் நான் அடித்த கூத்து அவருக்கு எப்படித் தெரியும்?

ஐம்பதுகளின் கடைசி அது. அரிசி ஆலை லாரியைக் கூலிக்கு ஓட்டி, முதலாளியிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். "சொந்தமா ஒரு காரு வாங்கி, ஆசிரமத்துக்கு வர்றவங்கள ஏத்துடா" என்றாய். கோயில் வாசலில் பூ விற்றுச் சேர்த்த பணம் போதாதென்று உன் சங்கிலியையும் விற்றாய். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய். அதற்கு மேல் விற்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

செங்கம் ரோட்டில் ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் தம் பழைய கறுப்புக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருப்பா" என்று என்னை அனுப்பினார். நீ வராந்தாவில் உட்கார்ந்து பேரத்தை ஆரம்பித்தாய்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே கோபுர வாசலுக்குப் போனேன். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முன்பக்கம் முழுக்கக் குங்குமம் பூசி, மாலையும் போட்டு ஜம்மென்று திரும்பினேன். விலை பேசி முடிக்காத வண்டிக்கு!

அதற்குள் நீ அவரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறக்கியிருந்தாய். மாலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"பூஜையே போட்டாச்சு. இனிமே என்னாத்துக்கும்மா பேரம்? ரெண்டாயிரத்து முந்நூறு. ஒரு ரூபா கம்மி ஆகாது."

வண்டி கைவிட்டுப் போயிற்று, நாளைக்கு மறுபடி அந்த லாரிதான் என்று நினைத்தேன். நீ பார்த்த பார்வையில், அவர் எதிரிலேயே அடித்துவிடுவாய் என்றும் பயந்தேன்.

நீ அவர் பக்கம் திரும்பினாய். "ஐயா, தப்பா நெனச்சுட்டீங்க. அவன் வண்டிக்கு சூடம் காட்டல. உங்க வண்டியில போயி உசுரோட திரும்பி வந்துட்டோமேன்னு சாமிக்குக் காட்டியிருக்கான். ஏன்டா, பிரேக்கு புடிச்சுதா?"

நிஜமாகவே தேரடி முனையில் பிரேக் தாமதமாகத்தான் பிடித்தது. இருந்த ஆசையில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. "ரெண்டு மிதி மிதிச்சப்புறம் புடிச்சுதுக்கா" என்றேன்.

இன்ஜினியர் மாலையையும் என் முழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க பூ விக்கிறீங்களா, கோர்ட்ல வாதாடுறீங்களாம்மா? ஆயிரத்து எண்ணூறு குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. மொதல்ல பிரேக்க சரி பண்ணுங்க."

அந்தக் காரில்தான், அக்கா, அறுபதுகள் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். என் முட்டாள்தனத்தை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிரேக்கைச் சரிசெய்து வண்டி ஓடத் தயாரான அன்று, நீ பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாய். "ஸ்டேஷனுக்கு எவ்ளோ கேப்ப?" என்றாய். உன்னைச் சீண்டலாமென்று ஒரு ரூபாய் என்றேன். அந்தக் காலத்தில் அது பகல் கொள்ளை. கீரைக்கட்டில் காலணா குறைக்கக் கால்மணி நேரம் நிற்கிறவள் நீ. சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். நீயோ சுருக்குப்பையை அவிழ்த்து, முழு ரூபாயை என் கையில் வைத்தாய்.

"என்னாக்கா, பேரம் பேசலியா?"

"உன்கிட்ட எனக்கு என்னாடா பேரம்?"

அந்த ரூபாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். இப்போதும் என் பிள்ளைகள் தயங்கித் தயங்கி வந்து ஏதாவது கேட்டால், முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.