பழகிற காசை நம்பிக் குடுத்த வாக்கு

ஆரணி பிள்ளை,

வடைக்கு உழுந்து அரைக்காதை. சுன்னாகத்து மாப்பிள்ளை வீட்டார் இண்டைக்கு வரமாட்டினம். முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல் எழுதி வைச்சிட்டுத் தோட்டத்துக்குப் போறன்.

பங்குச்சந்தை பழகிறன் எண்டு போனிலை ஒரு செயலியிலை பங்கு வாங்கி வித்து, வந்த லாபத்தை எனக்குக் காட்டினாய். ஒருத்தரையும் நம்பாத நான் அதை நம்பி, உனக்கு வீடு கட்டித் தாறன் எண்டு அவையளுக்கு வாக்குக் குடுத்தன். அத்திவாரத்துக்குக் காசை எடு எண்டு முந்தநாள் கேட்கத்தான், "அது பழகிறதுக்குத் தாற பொய்க்காசு அப்பா, முதல் நாளே சொன்னனான்" எண்டாய். கள்ளி எண்டு கத்தினன். நீ சொன்னதுதான் உண்மை. லாபம் எண்டதோடை என்ரை காது அடைச்சுப் போச்சு.

நேற்றுப் போய் அவையளிட்டை உள்ளதைச் சொன்னன். "வீடில்லாட்டி என்னத்துக்கு வாறது?" எண்டு தகப்பன் கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தன்.

இடியப்பம் வாங்கி மூடி வைச்சிருக்கிறன். சாப்பிடாமல் கிடக்காதை.

அப்பா

போனிலை இருக்கிற அந்தச் செயலியை அழிக்காதை, பழகு. பொய்க்காசு எண்டதை அது மறைக்கேல்லை.

இதையும் சொல்லவேணும். நீ அந்த மாப்பிள்ளைப் பெடியனோடை கதைக்கிறது எனக்குத் தெரியும். நேற்று அவனும் தகப்பனுக்குப் பக்கத்திலைதான் இருந்தவன். நான் கும்பிடேக்கை போனைப் பார்த்துக்கொண்டு இருந்தவன்.