உத்தரவில்லாமல் திறந்த மதகு

இன்று காலை செங்கல்பட்டு நீதிமன்ற வாசலில் மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை வலுத்தால் வருஷா வருஷம் நடக்கிற சடங்கு. படியேறும்போதே ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியது. கட்சிக்காரர் ஒருவர் பின்னாலேயே ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார். எதுவும் என் காதில் விழவில்லை. இந்த வாடை வந்தால் இப்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான்.

நீங்கள் முதலில் என் அலுவலகத்துக்கு வந்த அன்று, கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னீர்கள். ஏரிகளைப் பார்த்துக்கொள்கிற அரசுப் பொறியாளர். உட்கார்ந்ததும் கேட்டீர்கள்: "மேடம், நான் செஞ்சது தப்பா?" வக்கீலிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தப்பிக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள். நான் சிரித்துவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சொன்னீர்கள். மாமல்லபுரம் போகிற சாலைக்கு மேற்கே உங்கள் பொறுப்பில் ஓர் ஏரி. விடாத மழை. மத்தியானம் கரையில் ஓரிடம் கசிய ஆரம்பித்தது; மணல் மூட்டை அடுக்கியும் நிற்கவில்லை. கரைக்கு நேர் கீழே புதுக் குடியிருப்பு; கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற, எல்லா ஊர்களிலிருந்தும் வந்த குடும்பங்கள். மேலதிகாரியைக் கூப்பிட்டால் டவர் இல்லை. மதகைத் திறந்தால் வெள்ளம் வாய்க்கால் வழியே கீழ்க்கிராமத்துக்குப் போகும். பயிர் போனாலும் உயிர் போகாது என்று நினைத்தீர்கள். பைக்கில் ஆளனுப்பி, கோயில் மைக்கில் எச்சரிக்கை சொல்லச் சொன்னீர்கள். போனவர் திரும்பி வந்து கோயிலில் சொல்லியாச்சு என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, உத்தரவில்லாமல் திறந்தீர்கள்.

மழைக்காக அந்தக் கிராமத்தில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மைக் பேசவில்லை. கோயிலில் இருந்தவர் தெருவில் இறங்கித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். வாய்க்கால் ஓரம் மாட்டை அவிழ்க்கப் போயிருந்த ஒருவருக்கு அது எட்டவில்லை. குடியிருப்பு முழுக்கத் தப்பியது; அவர் மட்டும் போய்விட்டார். அவருடைய மனைவி முனியம்மா கொடுத்த புகாரில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக உங்கள் மேல் வழக்கு.

உங்கள் துறை வாயே திறக்கவில்லை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தது. அரசின் முன் அனுமதி இல்லாமல், கடமையில் இருந்த அரசு ஊழியர்மேல் தொடுத்த வழக்கு செல்லாது என்று ஒரு மனுப் போட்டால் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். நான் அதைத்தான் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டீர்கள்.

"நின்னுடும். ஆனா நான் செஞ்சது சரியா, தப்பான்னு யார் சொல்லுவாங்க?"

"அதெல்லாம் எதுக்கு சார்? வெளியே வந்துட்டா போதாதா?"

"தப்பிக்கணும்னா அன்னைக்கே லீவு போட்டிருப்பேனே மேடம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லெண்ணத்தோடு, பெரிய ஆபத்தைத் தடுக்க, கடமையாகச் செய்தது குற்றமில்லை என்று விசாரணை முழுக்க நடத்தி நிரூபிப்பது லேசான வேலையா? ஆனாலும் நீங்கள் பிடித்த பிடியை விடவில்லை. நீதிபதி வாயால் அந்த ஒரு வார்த்தை வரவேண்டும், அவ்வளவுதான் உங்களுக்கு. சாட்சிக்கு அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் உங்களைத் தெய்வம் என்றார்கள். ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை.

வாய்தாவுக்கு வாய்தா முனியம்மாவும் வருவார். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரே டீக்கடை. ஒருநாள் நீங்கள் அவருக்கும் ஒரு டீ சொன்னீர்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

"தொறந்ததுக்கு நான் ஒண்ணியும் சொல்லல சாரு. வூட்டாண்ட ஒரு ஆளு வந்து சொல்லிருந்தா இன்னா?"

"சொல்லச் சொன்னேம்மா."

"அது எங்களுக்குக் கேக்கலியே."

நீங்கள் டம்ளரைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தீர்கள். அன்றைக்கு என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ரயிலுக்குப் போனீர்கள்.

வாதமெல்லாம் முடிந்து தீர்ப்புக்கு நாள் குறித்த வாரத்தில் மாரடைப்பில் போய்விட்டீர்கள். உங்கள் மனைவி போனில் சொன்னபோது எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. எரிச்சலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா சார்? இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்படுகிறது என்று நீதிபதி படித்தார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. செத்தவரைப் பற்றிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

வெளியே வந்தபோது முனியம்மா என் கோட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"கேஸு முடிஞ்சிபோச்சுன்றாங்களே. அப்போ அந்த சாரு பண்ணது தப்பா, இல்லியாம்மா?"

"அதைச் சொல்லலம்மா."

"அத கேக்கத்தானே நானும் இத்தினி நாளா வந்துகினு இருந்தேன்."

நீங்கள் இரண்டு பேரும் ஒரே பதிலுக்காகத்தான் எதிரெதிரே நின்றிருக்கிறீர்கள். அதைக்கூட உங்களிடம் வந்து சொல்ல முடியவில்லை.

இன்று மத்தியானம் ஒரு போன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற இளைஞர். உங்கள் வழக்கை நடத்தியது நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், தண்ணி ஏறிகினே கீது. ஆபீஸ்ல கேட்டா பாத்து சொல்றோம்ன்றாங்க. நானா தொறந்தா சட்டப்படி பிரச்சனை வருமா?"

சட்டம் உங்கள் பக்கம்தான் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எழுத்துல உத்தரவு வர்ற வரைக்கும் கை வெக்காதீங்க" என்றேன்.

"கரை போயிட்டா?"

"அது மழை செஞ்சது. உங்க மேல கேஸ் வராது."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ரொம்ப தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டு வைத்தார். இதை எழுதும்போதும் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வழக்கிலிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு பதில்தான், சார். இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.