நீ ஊதி வைத்த பந்து

அண்ணே,

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனவர்களுக்கு எழுதினால் அவர்கள் வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். அதனால் அவள் கண்ணயர்ந்திருக்கும் இந்தப் பிற்பகலில் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நேரில் வாய் திறக்காதவள் காகிதத்தில் மட்டும் நிறுத்தாமல் பேசுவாள் என்று, மதுரை விடுதியிலிருந்து நான் எழுதிய கடிதங்களைப் பார்த்துக் கேலி செய்வாய். பி.ஏ. முடித்து வீட்டோடு வந்துவிட்டேன். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இன்று மத்தியானம் உள்ளறையில் ஏலக்காய் வாசனை வந்தது. நம் வீட்டில் ஏலக்காய் கிடையாது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் நீ பார்த்த வேலைதான் உனக்குக் காய்ச்சலைக் கொடுத்தது என்று, நீ போன பிறகு அம்மா ஒரு காயைக்கூட வாசற்படி தாண்ட விட்டதில்லை. பானைகளைத் திறந்து பார்த்தேன். மடித்து வைத்திருக்கும் உன் சட்டைகளை முகர்ந்தேன். சவுக்கார வாசனைதான் இருந்தது. கடைசியில் நெற்குதிரின் பக்கம் குனிந்தபோது தெரிந்தது. வாசனை பந்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமைதோறும் குமுளியிலிருந்து இறங்கும், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி பஸ்ஸில் நீ வருவாய். உன் முகத்தில் கரித்தூள் படிந்திருக்கும். கை கால் கழுவுவதற்கு முன்பே பந்தைத்தான் தேடுவாய். நம் பள்ளத்தாக்குக் கால்பந்து லீக்கை மதுரைக்காரர்கள் இரண்டாந்தரம் என்பார்கள் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். ஆனால் நம் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் போடிக்கும் வேறு லீக் ஏது? போடிக்காரர்களில் சிலர் பூட்ஸ் போட்டு வருவார்கள். நம்மவர்கள் வெறுங்காலோடு நின்று பயப்படாதது போல் நடிப்பார்கள். சின்னமனூர்க்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் வென்றவர், தோற்றவர் எல்லோருக்கும் வெற்றிலை கொடுப்பார்கள். லீக்கில் முதலாவதாக வருகிற அணி மதுரைக்குப் போய்ப் பெரிய அணிகளோடு ஆடலாம். நம் ஊர் ஒரு தடவைகூடப் போனதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே நீ அதைத்தான் பேசுவாய்.

எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்தான் பந்து தர வேண்டும். தராவிட்டால் ஆடாமலே தோல்வி. யுத்தம் வந்ததும் அதுவும் கஷ்டமாகிவிட்டது. போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போன காலத்தில், பந்துக்குள் வைக்கும் ரப்பர்ப் பைக்கு எங்கே போவது? பம்ப்பும் கெட்டுப்போனது. அதனால் வாயாலேயே ஊதினாய். ரப்பர் நாற்றத்துக்காக ஒரு ஏலக்காயைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாய். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதி முடித்து, பையின் கழுத்தை மடக்கிப் பிடிப்பாய். நான் பச்சை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நூல்முனையை உள்ளே செருகுவேன். அப்புறம் நீ தோலின் வாயை வாரால் கோத்து இழுத்துக் கட்டுவாய். "மூச்சு என்னுது, முடிச்சு உன்னுது. ரெண்டுல எது விட்டாலும் தோத்தோம்" என்பாய். மறுநாள் நான் படித்துறையில் துணி துவைக்கிற சாக்கில் ஆற்றங்கரைப் பொட்டலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து உயரே எழும்பும்போதெல்லாம் என் முடிச்சை நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் கம்பத்துக்காரர்களோடு கடைசி ஆட்டம். ஜெயித்தவர்கள் மதுரைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை நீ பந்தை ஊதினாய், நான் கட்டினேன். அன்றிரவு பெய்த மழையில் பொட்டல் குளமாகிவிட்டது. ஆட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு உடம்பு கொதித்தது. அடுத்த சனிக்கிழமை கரி பஸ் வந்தபோது நீ இல்லை. பந்து மட்டும் குதிரின் பக்கத்தில், நீ வைத்த இடத்தில் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரம் கழித்துக் காசிம் அண்ணன் வந்தார். உன் கூட்டாளி, நம் அணியின் கோல்கீப்பர், அம்மா முன்னால் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். வேறு பந்து எங்கும் கிடைக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அம்மா கோபப்படவில்லை. "அது பந்து இல்லப்பா. எம் புள்ள மூச்சு உள்ள இருக்கு. அதைப் போயி உதைப்பீகளா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் குனிந்து பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பார்த்தவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாயால் ஊதிய பந்து ஒரு வாரத்தில் தொளதொளத்துப் போகும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது அன்று ஊதினது போல் இறுகியிருந்தது.

நான் அதை முன்பே பார்த்திருந்தேன். அம்மாதான் ரகசியமாக வாரை அவிழ்த்து ஊதி வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததால் கேட்காமலே விட்டேன்.

மாசியில் ஒரு காலையில் அம்மா அடுப்படியிலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீ செய்யிறது எனக்குத் தெரியும் தாயீ," என்றாள். "செய்யி. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா உன் நெஞ்சு தாங்காது. உங்கண்ணனுக்கே முகம் செவந்துரும்."

"எதைச் சொல்றம்மா?"

"பந்தை ஊதுறதைத்தான்."

"நீ ஊதலையா?" என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

இருவரும் உள்ளறைக்குப் போய் வாரை அவிழ்த்தோம். வார் நெடுநாள் கிடந்ததால் விறைத்துப்போயிருந்தது. தோலை விலக்கிப் பார்த்தால், ரப்பர்க் கழுத்தில் என் பச்சை நூல் முடிச்சு அப்படியே இருந்தது. நூல்முனையை நான் அன்று அவசரத்தில் இடப்பக்கமாகச் செருகியிருந்தேன். அது இடப்பக்கமே இருந்தது. யாரும் தொடவில்லை. தொட்டுவிட்டு மறுபடி அப்படிச் செருக எனக்கே வராது.

நான் பதறிப்போய்த் தோலை மூடினேன். அம்மா பதறவில்லை. அவள் முகத்தில் வெகுநாளாக இல்லாத தெளிவு வந்தது. "அவன் வந்து பாத்துக்கிறான்," என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறாள். உள்ளறையில் பந்தின் பக்கத்தில்தான் படுக்கிறாள். அப்போது தோல் முறுகும் சத்தம் கேட்கிறது, நீ கடைசி மூச்சை அழுத்தி ஊதும்போது கேட்குமே, அதே சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து கல் மாதிரி இருக்கும். அன்று அம்மாவால் பேச முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். வார நடுவில் கொஞ்சம் தேறுகிறாள், அடுத்த ஞாயிறு மறுபடியும் இரைப்பு. ஆஸ்பத்திரி டாக்டர் இருதயம் பலவீனம் என்று மருந்து கொடுத்தார். நான் படித்தவள். பந்தையும் அம்மாவின் மூச்சையும் சேர்த்து வைத்துப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் முதலில் பந்தைத் தொட்டுவிட்டுத்தான் அம்மாவைத் தொடுகிறேன்.

இந்தப் பங்குனிக்குள் ஆட்டம் நடக்காவிட்டால் கம்பம் ஜெயித்ததாக எழுதிவிடுவோம் என்று லீக்கில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை காசிம் அண்ணன் மறுபடி வந்தார். கூடவே கம்பம் அணித் தலைவரும் வந்தார். வந்தவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூக்கைக் காட்டினார்.

"ஆத்தா, போன வருசம் ஒங்க மகன் ஒடைச்ச மூக்கு இது. இந்தா பாருங்க, இன்னும் கோணலாத்தான் நிக்குது. இதுக்குப் பதில் சொல்லாம, ஆடாமலே ஜெயிச்சுட்டு ஊருக்குப் போனா எம் பொண்டாட்டி சோறு போட மாட்டா."

"முன்னாடியே கோணல்தான் ஆத்தா. புளுகுறான்," என்றார் காசிம் அண்ணன்.

அம்மா சிரித்தாள். நீ போன பிறகு முதல் சிரிப்பு. சிரிப்பு இரைப்பாக மாறி, நான் முதுகைத் தடவி நிறுத்த வெகுநேரம் ஆயிற்று. வந்தவர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு அடங்கியதும் அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துட்டுப் போங்க. ஆனா நடுவுல காத்து எறங்குச்சுன்னா வேற யாரும் வாய் வைக்கக் கூடாது. அத்தோட ஆட்டம் முடிஞ்சுது."

இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

நாளைக்குத்தான் ஆட்டம். அம்மாவும் வருகிறாள். நீ ஆடி ஒரு நாளும் பார்க்க வராதவள். பெட்டியிலிருந்து வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து மடிப்புக் கலையாமல் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். வண்டி சொல்லியிருக்கிறேன் என்றேன். "திரும்பி வர வண்டி வேண்டாம் தாயீ. அவன் ஆடுறதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்," என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

இதை எழுதும்போதே வாசலில் செம்பு வைக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. பஸ் வருகிற நேரம். ஏலக்காய் வாசனை அதிகமாகியிருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பச்சை நூல்கண்டில் மிச்சம் இருப்பதை நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். மதுரைக்குப் போனால் அங்கே கட்டுவதற்கு என்று நீ பத்திரப்படுத்தச் சொன்னது. மூச்சு உன்னுது, முடிச்சு என்னுது என்று நீ பிரித்துக் கொடுத்ததில் என் பங்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நாளைக்கு ஆசை தீர ஆடு அண்ணே. கம்பத்துக்காரரின் மூக்கை மறுபடி உடைத்தாலும் சரி. விசில் ஊதி ஆட்டம் முடிந்ததும் காசிம் அண்ணன் பந்தை என் மடியில் கொண்டுவந்து வைப்பார். நான் வாரைப் பிரித்து என் முடிச்சை அவிழ்ப்பேன். அப்போது வெளியே வந்து போய்விடு. தனியாகப் போ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதே.